உற்சவக் கம்ப்யூட்டர்

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி இருந்தது. பஞ்சு வியாபாரம் நின்ற பிறகு அங்கே எலிகள் குடியேறின, எலிகளைத் தேடி ஒரு சாரைப்பாம்பும் வந்து சேர்ந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு நல்ல முகூர்த்தத்தில் அந்தக் கட்டடத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டி, ‘அகில தென்மாவட்டக் கணிப்பொறி மறுவாழ்வு அறக்கட்டளை’ என்று போர்டு மாட்டினார்கள். கட்டடத்தைவிட போர்டு அகலம். ‘அகில’ இடப்பக்கத்து டயர் கடை வாசலில் நீட்டிக்கொண்டிருந்தது. ‘கட்டளை’ வலப்பக்கத்து சலூனுக்கு நிழல் கொடுத்தது. முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர்கள் அறக்கட்டளையின் முதல் பயனாளிகள் ஆனார்கள்.

மில்களும் ஆபீஸ்களும் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, பழுது பார்த்து, கம்ப்யூட்டரையே பார்த்திராத பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது நோக்கம். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. நோக்கத்துக்குத் தலைவராக இருந்தவர் ‘கல்வி வள்ளல்’, ‘சேவைச் செம்மல்’ உக்கிரபாண்டி. சேத்தூர்ப் பக்கம் மாந்தோப்பும் வயலுமாக வசதியான ஆள். அந்தப் பட்டங்களை எந்தச் சபை கொடுத்தது என்று கேட்டால், நோட்டீஸ் அடித்த பிரஸ்காரர் கொடுத்தது. தாளில் இடம் காலியாகக் கிடந்ததாம்.

உக்கிரபாண்டிக்கு இரண்டு தமிழ் தெரியும். மைக் முன்னால் நின்றால் ‘கணிப்பொறி’, மைக்கை விட்டு இறங்கினால் ‘கம்ப்யூட்டரு’. அன்றைக்கு மைக் முன்னால் நின்று, மின்சாரமே எட்டாத குக்கிராமத்துக்கும் கணிப்பொறியைக் கொண்டு சேர்ப்பேன் என்று சூளுரைத்தார். கூட்டம் கைதட்டியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜரீனாவும் தட்டினாள். ஆனால் அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘நூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்’ என்றால் ஒரு காலத்தில் விடியற்காலை பேட்ச்சுக்கே பெஞ்சில் இடம் கிடைக்காது. ஜரீனாவின் அத்தா பிச்சை முகம்மது ஆரம்பித்தது. அவர் மறைந்த பிறகு ஜரீனா நடத்தினாள். அவள் கணவர் ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக். கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புங்கள் என்று எழுதினால் சென்ட் பாட்டில் அனுப்புவார். இப்போதெல்லாம் இன்ஸ்டிட்யூட் வாசலில் சைக்கிளை நிறுத்தும் பெண்கள், காலைக் கீழே ஊன்றாமலே “அக்கா, கம்ப்யூட்டர் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் பெடலை மிதித்துப் போய்விடுகிறார்கள்.

பக்கத்திலேயே அண்ணன் அசன் முகம்மதுவின் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. இன்ஸ்டிட்யூட் இருந்த அறை பாகப்பிரிவினையில் அவர் பங்கில் விழுந்தது. நல்ல மனுஷன், தங்கச்சி மேல் பிரியம் உண்டு. ஆனால் மெத்தை வைக்க இடம் பத்தவில்லை.

“ஏட்டி ஜரீனா, நான் ஒன்னும் மல்லுக்கு நிக்கலை,” என்று அவர் சொல்லியிருந்தார். “அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கயில உன் பெஞ்சி நெறஞ்சிருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்பவும் ஈ ஓட்டிக்கிட்டிருந்தியன்னா மிஷினெல்லாம் பரண்ல ஏத்திட்டு மெத்தைய அடுக்கிருவேன். வருத்தப்படக் கூடாது.”

அதனால் கூட்டம் கலைந்ததும் ஜரீனா நேரே தலைவரிடம் போனாள்.

“அண்ணாச்சி, நான் ஸ்ரீவில்லிபுத்தூர். பிச்சை முகம்மது மக.”

“அடடே, சார் மகளா. உங்க அத்தாகிட்டதாம்மா நான் லோயர்ல பெயிலானேன்,” என்றார் உக்கிரபாண்டி, பாஸானவர் போன்ற பெருமையோடு.

“எனக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் கெடைச்சாப் போதும் அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளைக அம்புட்டும் மதுரைக்கும் சிவகாசிக்கும் போக முடியாது. உள்ளூர்லயே படிக்கும்.”

“கேட்டவுகளுக்கு உடனே குடுத்தா அதுக்குப் பேரு ரேஷன் கடை,” என்றார் அவர். “நீ நம்மகூட இருந்து சேவை செய்யி. வரிசை வரும்போது உனக்கும் வரும்.” மேஜையில் ஒரு பேட்ஜ் கிடந்தது. விழாவுக்கு வராமல் போன யாரோ ஒருவருக்காகச் செய்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ‘கௌரவச் செயலாளர்’ என்று எழுதியிருந்தது. சம்பளம் கிடையாது என்பதைத் தமிழில் அவ்வளவு மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து ஜரீனா காலை பேட்ச்சை முடித்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

கிட்டங்கியில் கம்ப்யூட்டர்கள் பஞ்சுப் பொதி அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரம் வரை ஏறியிருந்தன. பழுது பார்க்க வந்தவர் தவசிமுத்து. ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் திறந்தாலும் முதலில் ஜபல்பூரைத் திறப்பார்.

“ஜபல்பூர்ல இருக்கையில ஒரு வயர்லெஸ் செட்டு, இதே மாதிரிதான் செத்துக் கெடந்துச்சு தாயி. ஒரு தட்டு தட்டுனேன். எந்திரிச்சிருச்சு.”

இங்கேயும் தட்டிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றினார். மில்லிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் எல்லாம் பஞ்சு. வருஷக்கணக்காகக் காற்றாடி இழுத்துச் சேர்த்த பஞ்சு, ஒரு பெட்டிக்கு ஒரு தலையணை தேறும். ஜரீனா அதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக, அசன் முகம்மது உதறிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, இன்னும் இருந்தாக் கொண்டா,” என்றார். முதல் மூன்று மாதத்தில் அந்த மையத்தில் மறுவாழ்வு பெற்றது அந்தப் பஞ்சு மட்டும்தான்.

புரட்டாசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, அந்த மலைப் பெருமாளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் அலைமோதும். சேவை செய்ய இதைவிடத் தோதான இடம் ஏது. அறக்கட்டளை சார்பில் அடிவாரத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கும் மோருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பந்தலில் மோரைவிட பேனர் பெரிது.

அங்கேதான் ஜரீனா முதன்முதலாக வெள்ளத்தாயைப் பார்த்தாள். தலைவரின் அம்மா. மகன் நடத்தும் எந்த விழாவுக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை, காரணம் அவள் வாய். மகன் மைக்கில் பேசும்போது கீழே இருந்தபடியே அவள் திருத்துவாள். அன்றைக்கு அவள் சாமி கும்பிடத் தனியாக வந்திருந்தாள். ஜரீனா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பந்தலுக்கு எதிரே இருந்த மண்டபத்தின் உள்கூரையைக் காட்டினாள்.

“அந்தா தொங்குது பாரு, டியூப் லைட்டு. எங்க வீட்டு அய்யா போட்டது.”

ஜரீனா பார்த்தாள். ‘உபயம்: இருளப்பசாமி, சேத்தூர்’ என்று சிவப்புப் பெயின்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எழுதியிருந்தது. எரிந்த காலத்திலும் பெயருக்குப் போக மிச்சமிருந்த வெளிச்சம்தான் கீழே வந்திருக்கும். இப்போது அது எரியவேயில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“எரியலையே ஆச்சி.”

“எரியாட்டா என்ன. அவிய பேரு இருக்குல்ல. போன வருசம் ஒருத்தன் ஏணியப் போட்டு இதக் கழட்ட வந்தான். நான் அந்த ஏணிக்குக் கீழயே உக்காந்துட்டேன். ‘என் புருசன் பேரக் கீழ எறக்கணும்னா மொதல்ல என்னைத் தூக்கிட்டுப் போயி எரிச்சிட்டு வா’ன்னேன். புதுச வேற எடத்துல மாட்டிட்டுப் போயிட்டான்.” தம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் மோர் வாங்கிக்கொண்டாள். “ஏ பிள்ள, எம்மவன் ஊரு பூரா என்னென்னத்தையோ குடுக்கான். ஒரு தம்ளர்லயாவது அவங்கய்யா பேரப் போட்டிருப்பானாங்கே? எல்லாம் அவன் பேருதான்.”

ஜரீனா அப்போது அதை ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தவசிமுத்து ஆறு பெட்டிகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. ஒன்றின் மண்டை, ஒன்றின் வயிறு, இன்னொன்றின் வால். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வந்ததும் தவசிமுத்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். ஜரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விசைப்பலகையில் விரலை வைத்து, அத்தா சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை அடித்துப் பார்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

மறுநாள் பூஜை. கிட்டங்கிக்குள் போகிறவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டார்கள். அது வழக்கமாகவே உள்ள சட்டம். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று யாரோ சொன்னது, ஒரே மாதத்தில் பக்தியாகிவிட்டது. தலைவர் மட்டும் செருப்போடு வருவார். திரையின் நட்டநடுவில் அவரே தம் கையால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். தூவிய பொரிகடலை விசைப்பலகையின் இடுக்குகளில் போய் இறங்கியது. டிரைவர் பால்ச்சாமி, அறக்கட்டளை வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு உள்ளே வந்தார்.

“இதுக்கு சக்கரம் எங்க இருக்குண்ணே?”

தவசிமுத்து யோசித்தார். “உருளுறது இது ஒன்னுதான்,” என்று மௌஸைக் காட்டினார். ஜரீனா ஓடிவருவதற்குள் பால்ச்சாமி அதன் அடியில் ஒரு பழத்தை வைத்து அமுக்கிவிட்டார். அந்த மௌஸ் அதன்பிறகு மூன்று வாரம் எந்தப் பக்கம் இழுத்தாலும் இடது பக்கமே போனது.

நவம்பரில் முதல் கொடை. சேத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். கொட்டுமேளம், பொன்னாடை, போட்டோ. ஹெட்மாஸ்டர் ஒரு மேஜைக்குப் புது விரிப்புத் தைத்து, ‘கணிப்பொறிப் பிரிவு’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார். தலைவர் கொடுத்தார், ஹெட்மாஸ்டர் வாங்கினார், அபுபக்கர் ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுத்தார். அடுத்த வாரம் வேன் போய் நின்றது.

“சர்வீஸ் பண்ணணும்,” என்று சொல்லி பால்ச்சாமி தூக்கி வந்துவிட்டார்.

அடுத்தது வத்திராயிருப்பு. அதே கம்ப்யூட்டர், வேறு பொன்னாடை. பொங்கலுக்குப் பிறகு பிளவக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கரண்ட் இல்லாததால் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட வேண்டிய சிரமமே இல்லாமல் விழா சிறப்பாக நடந்தது. எங்கே கொடுத்தாலும் அடுத்த வாரம் வேன் போகும், சர்வீஸ். பள்ளிக்கூடங்களில் மேஜையும் விரிப்பும் அட்டையும் மிஞ்சும். ஹெட்மாஸ்டர்கள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டான் என்று கல்வி வள்ளலைப் பற்றி எப்படிச் சொல்வது. நாளைக்கு அவரே திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்.

இதற்கிடையில் தவசிமுத்து இரண்டாவதாக ஒன்றைத் தேற்றினார். தலைவர் வந்து பார்த்தார்.

“நல்லாருக்கு. இதக் கழட்டி சாமான வேன்ல வச்சுக்கோ. மொதல்ல செஞ்சது மேடையில மக்கர் பண்ணுனா ஸ்டெப்னியா ஆகும்.”

“அண்ணாச்சி, இன்னும் நாலஞ்சு தேத்திரலாம்,” என்றார் தவசிமுத்து. “ஜபல்பூர்ல…”

“ஜபல்பூரு கெடக்கட்டும். நாலஞ்சு வந்தா ஒன்னுக்கும் மதிப்பிருக்காதுடே.”

ஏப்ரலில் ஜரீனா அவரிடமே கேட்டுவிட்டாள். “அண்ணாச்சி, ஒரு ஊருக்குக் குடுத்தத அந்த ஊர்லயே விட்டா என்ன?”

உக்கிரபாண்டி கோபப்படவில்லை. நிஜமாகவே அவருக்குப் பதில் இருந்தது. “நீ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, உனக்கா சொல்லணும். சாமி கருவறைக்குள்ளயே இருந்தா ஊரு பாக்க முடியுமா? உற்சவமூர்த்தின்னு ஒன்னு எதுக்கு வச்சிருக்கு? வீதியில வரணும், எல்லாரும் கும்பிடணும். ஒரே ஊர்ல இருந்தா அந்த ஊருக்கு மட்டுந்தான சந்தோசம்.”

“சாமி சரி அண்ணாச்சி. பிள்ளைக இதுல படிக்கணுமே.”

“மொதல்ல பாக்கட்டும். பொறவு படிக்கும்,” என்றார். “உன் வரிசை ஜூன் மாசம். முதல் திங்கக்கெழம வச்சுக்கிருவோம். போட்டோவுக்கு ஒரு நல்ல சேலையா எடுத்து வையி.”

ஜரீனா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஜூன் முதல் வாரம் அட்மிஷன். கம்ப்யூட்டர் வரும், பெண்கள் வந்து சேருவார்கள். இரண்டாவது வாரம் வேன் வரும். சேர்ந்த பெண்கள் வெறும் மேஜையைப் பார்த்துவிட்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போவார்கள். ஊரில் பேரும் கெடும். மூன்றாவது வாரம் மெத்தை. ஒரு வருஷம் பஸ் ஏறி இறங்கியதற்கு ஒரு போட்டோ மிஞ்சும், நல்ல சேலையில்.

மாலையில் பள்ளிவாசல் வழியாக வீட்டுக்கு நடந்தாள். வெளிச்சுவரில் ஒரு மின்விசிறி, அதன் மூன்று இறக்கையிலும் மூன்று பெயர். விசிறி சுற்றும்போது ஒரு பெயரும் தெரியாது. அதனாலேயே பெயர் போட்டவர்களின் பிள்ளைகள் அதை அடிக்கடி நிறுத்திவைப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே செத்த நேரம் நின்றாள். பிறகு சிரித்தாள். அத்தர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் அவள் பஸ்ஸில் ராஜபாளையத்தில் இறங்காமல் சேத்தூர்வரை போனாள்.

“ஆச்சி, எங்க இன்ஸ்டிட்யூட் விழாவுல நீங்கதான் விளக்கேத்தணும்.”

வெள்ளத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “என்னைய எவன் கூப்பிடச் சொன்னான்? எம்மவனா? சூரியன் அந்தப் பக்கம் உதிச்சிருச்சோ.”

“அவிய சொல்லலை. நான் கூப்பிடுறேன். கௌரவச் செயலாளர்.” பேட்ஜைக் காட்டினாள். அந்தப் பேட்ஜ் வருஷம் முழுவதும் செய்த ஒரே வேலை அதுதான்.

விழாவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பால்ச்சாமி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கூடவே தவசிமுத்து. அவர் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, தோளில் பெயின்ட் டப்பாவோடு சமுத்திரம் வந்தான். லாரிக்கு நம்பர் எழுதுவான், கட்அவுட் வரைவான், கை சும்மா இருக்காது.

“என்ன எழுதணும்க்கா?”

“உபயம், சேத்தூர் இருளப்பசாமி நினைவாக. அம்புட்டுதான்.”

சமுத்திரம் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தான். “வெறும் பேரு எழுதுனா மொட்டையா இருக்கும்க்கா. ‘அமரர்’ போட்டுக்கிருவோம். எம்புட்டு எடம் கெடக்கு. அவிய என்ன செஞ்சாக?”

“கெணறு வெட்டுனாகன்னு ஆச்சி சொன்னாக.”

“‘கிணறு கண்ட கோமான்.’” ஜரீனா வேண்டாம் என்பதற்குள் தூரிகை ஓடிவிட்டது. மானிட்டரின் மேல்பக்கம் ‘உபயம்’ முடிந்து, இடப்பக்கம் ‘அமரர் கிணறு கண்ட கோமான்’ வந்து, வலப்பக்கம் ‘இருளப்பசாமி’ நிறைந்து, ‘நினைவாக’ பெட்டிமேல் இறங்கியது. இரண்டு மூலையிலும் மயில். பிறகு அவன் திரைக் கண்ணாடிக்கு வந்தான்.

“இதுல ஒன்னும் எழுதக் கூடாது சமுத்திரம்.”

“கண்ணாடி சும்மாதான கெடக்கு? ஒரு குத்துவிளக்கு மட்டும் போட்டுக்கிறேனே.”

தவசிமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “ஆயில் பெயின்டா?” என்றார்.

“ஆமாண்ணே. எனாமல். தண்ணிக்கும் போகாது, சோப்புக்கும் போகாது.”

“ஜபல்பூர்ல டாங்கிக்கு அடிப்போம்,” என்றார் தவசிமுத்து, திருப்தியாக.

திங்கட்கிழமை மெத்தைக் கடையும் இன்ஸ்டிட்யூட்டும் சேர்த்துப் பந்தல். அசன் முகம்மதுவே மெத்தைகளைத் தள்ளிவைத்து மேடை போட்டுக் கொடுத்தார். போகப்போவதுதானே, விழாவாவது நன்றாக நடக்கட்டும் என்ற பெருந்தன்மை. கம்ப்யூட்டர் மேடை நடுவில் பட்டுத்துணி மூடியபடி இருந்தது. உக்கிரபாண்டி வந்து இறங்கினார். முதல் வரிசையில் அம்மாவைப் பார்த்ததும் அவர் நடை கொஞ்சம் குட்டையானது.

“இவிய எப்படி வந்தாக?” என்று ஜரீனாவிடம் கேட்டார்.

“பஸ்லதான் அண்ணாச்சி.”

விளக்கேற்றினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துக் கணிப்பொறி யுகம் பற்றிப் பேசினார். “நான் இதுவரை ஏழு ஊர்களுக்குக் கணிப்பொறி வழங்கியிருக்கிறேன்,” என்றார். அது உண்மை. ஏழு ஊர்தான். கம்ப்யூட்டர் எத்தனை என்று அவர் சொல்லவில்லை. பிறகு பட்டுத்துணியின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

துணி வரவில்லை. பெயின்ட் முழுசாகக் காயவில்லை, அதில் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவர் சிரித்தபடி இன்னொரு தரம் இழுத்தார். அபுபக்கர் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே காத்திருந்தார். மூன்றாவது இழுப்பில் துணி சர்ரென்று வந்தது. ஜரிகை மட்டும் எழுத்துகளிலேயே தங்கிவிட்டது. இருளப்பசாமி தங்கத்தில் மின்னினார்.

உக்கிரபாண்டி படித்தார். மறுபடியும் படித்தார். அவர் முகத்தில் ஒரு வர்ணம் வந்து போய், வேறொன்று வருவதற்குள், வெள்ளத்தாய் எழுந்து மேடைக்கு ஏறிவிட்டாள். ஜரீனாதான் கை கொடுத்தாள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. மானிட்டரின் இடப்பக்கம் ஆரம்பித்து, சுற்றி வந்து, வலப்பக்கம் நின்றாள். மயிலைத் தொட்டதில் விரலில் பச்சை ஒட்டியது.

“ஏலே உக்கிரபாண்டி,” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது தெருமுனைவரை கேட்டது. “உன்னைய நான் என்னென்னமோ பேசிருக்கேன். மனசுல வச்சுக்கிடாத.”

அவள் அழுதாள். கல்வி வள்ளலுக்கு அந்த நிமிஷத்தில் மைக் முன்னால் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. மைக் முன்னால் நின்றால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

“என் தந்தையாரின் நினைவாக ஒரு கணிப்பொறியை இந்த மண்ணுக்கு வழங்க வேண்டும் என்பது,” என்று அவர் ஆரம்பித்தார், “என் நெஞ்சில் நீண்ட நாளாகக் கனன்றுகொண்டிருந்த எண்ணம்.” சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகத் தோன்ற ஆரம்பித்தது. கைதட்டல், அவர் வாழ்நாளிலேயே வாங்கிய பெரிய கைதட்டல்.

அந்த வாரம் பெண்கள் வந்தார்கள். காலை பேட்ச், மாலை பேட்ச், மத்தியானம் ஒன்று. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் மெத்தைக் கடைப் படிவரை பரவின. அசன் முகம்மது ஒவ்வொரு நாளும் அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தம் மெத்தைகளைப் பார்ப்பார். ஜரீனா மட்டும் ரோட்டில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை நிஜமாகவே வந்தது. பால்ச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“சர்வீஸ்க்கா,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜரீனா விலகி நின்றாள். பிள்ளைகள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பால்ச்சாமி மானிட்டரின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தார். ஒரு கை கிணறு கண்ட கோமான் மேல் விழுந்தது, இன்னொரு கை இருளப்பசாமி மேல். மேலே வாடாத ஒரு முழம் மல்லிகை. வெள்ளத்தாய் அன்றைக்குக் காலையில்தான் சேத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பால்ச்சாமி கையை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பெரியவுக பேரு இருக்குக்கா. நான் தொட மாட்டேன். வேணும்னா அண்ணாச்சியே வந்து தூக்கட்டும்.”

அண்ணாச்சியே வந்தார், அன்று மாலை. வேகமாகத்தான் வந்தார். வாசலில் இருந்த செருப்புக் குவியலைப் பார்த்து ஒரு கணம் நின்று, அந்த வருஷத்தில் முதல் தடவையாகத் தம் செருப்பையும் கழற்றினார். உள்ளே வந்து அப்பா பெயரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். ‘நினைவாக’வின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் மழுங்கியது.

“அண்ணாச்சி, ஆச்சி வெள்ளிக்கெழம வந்து பாப்பேன்னு சொல்லிவிட்டிருக்காக,” என்றாள் ஜரீனா. “இனிமே மாசாமாசம் வருவாகளாம்.”

உக்கிரபாண்டி பெஞ்சில் உட்கார்ந்தார். “இது யாரு யோசனைம்மா?”

“உங்க யோசனைதான் அண்ணாச்சி. மேடையில நீங்களே சொன்னீகளே, ரொம்ப நாளா நெஞ்சுல கெடந்துச்சுன்னு.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மானிட்டரைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் அதில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்துகள் இருளப்பசாமிக்கும் கோமானுக்கும் நடுவில் வரிசையாக ஓடின.

“ஆமா,” என்றார் கடைசியில். “என் யோசனை மாதிரிதான் இருக்கு.” எழுந்தார். வாசலுக்குப் போய்த் திரும்பினார். “அப்ப சேத்தூருக்கு வர்ற மாசம் ஆண்டு விழாவுக்கு எதத் தூக்கிட்டுப் போறது?”

“தவசிமுத்தண்ணே இன்னொன்னு தேத்திருவாக அண்ணாச்சி. ஸ்டெப்னிதான் இருக்குல்ல.”

பக்கத்துக் கடையில் அசன் முகம்மது ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பரணில் ஏற்றும் சத்தம் கேட்டது.

அப்படித்தான் அந்த மையம் தன் இரண்டாவது வருஷத்தில், பெரிய உத்தேசம் எதுவும் இல்லாமல், ஸ்டெப்னிச் சாமான்களைக் கூட்டி இரண்டாவது கம்ப்யூட்டரைச் செய்தது. ஜூலையில் சேத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. அதே மேஜை, அதே விரிப்பு, அதே அட்டை. தலைவர் மைக் முன்னால் நின்று கணிப்பொறி யுகத்தை ஆரம்பித்திருந்தார். ஜரீனா பேட்ஜோடு மேடைக்குப் பின்னால் நின்றாள். ஹெட்மாஸ்டர் மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார். அவருக்குப் பின்னால் சமுத்திரம், டப்பாவோடு.

“ஏம்மா,” என்றார் ஹெட்மாஸ்டர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தலைவரோட தாத்தா பேரு என்ன?”